பூஜையில் இருந்த பெட்டி

வாங்க தம்பி, உக்காருங்க. செருப்பை அங்க விடாதீங்க, கேட்டுக்கு வெளிய விடுங்க. மழையில நனைஞ்சா நனையட்டும், என் படி நனையக் கூடாது. கீழ் வீடு பாக்கத்தானே வந்திருக்கீங்க? போர்டைப் பாத்தீங்களா? சரி சரி, இருங்க, உங்க கதையை அப்புறம் கேக்கறேன். இப்ப மணி அஞ்சேகால். ஞாயித்துக்கிழமை நாலரையில இருந்து ஆறு வரைக்கும் ராகு காலம். ராகு காலத்துல நான் சாவியைத் தொட மாட்டேன், பூட்டைத் திறக்க மாட்டேன். ஆறு அடிச்சதும் கீழ கூட்டிட்டுப் போய்க் காட்டறேன். அதுவரைக்கும் நான் சொல்றதைக் கேளுங்க. வீட்டுக்காரன் எப்படிப்பட்டவன்னு தெரிஞ்சுக்கிட்டுக் குடி வர்றது உங்களுக்கும் நல்லது.

அந்தப் பையை டேபிள் மேல வைக்காதீங்க. என்ன டொக்குன்னு வைக்கிறீங்க, உள்ள என்ன இரும்பா? கண்ணாடி டேபிள் இது. கீழ வைங்க.

டீ கிடையாது. முன்னாடியே சொல்லிடறேன். வீட்டுக்காரி இல்ல, நெய்வேலிக்கு மக வீட்டுக்குப் போயிருக்கா. தீபாவளிக்கு வந்துடுவா. இன்னும் எட்டு நாள்தானே இருக்கு. வராம எங்க போவா?

முதல்ல ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. கரெண்ட் போனா நீங்க என்ன பண்ணுவீங்க? பாருங்க, முழிக்கிறீங்க. எல்லாரும் இப்படித்தான். கரெண்ட் போனதுக்கு அப்புறம் மெழுகுவத்தியைத் தேடுவீங்க. மெழுகுவத்தி கிடைச்சா தீப்பெட்டி கிடைக்காது. தீப்பெட்டி கிடைச்சா குச்சி நமுத்துப் போயிருக்கும். அப்புறம் தெருவுல நின்னுக்கிட்டு ஈ.பி.க்காரனைத் திட்டுவீங்க. அவன் என்ன பண்ணுவான்? நவராத்திரி வந்தா ஊரெல்லாம் சீரியல் செட் விளக்கு, தீபாவளி வந்தா அதுக்கு மேல. நடுவுல ஐப்பசி மழை வேற. மரம் விழும், டிரான்ஸ்ஃபார்மர் வெடிக்கும். இந்த ஒண்ணரை மாசம் கடலூர்க்காரன் தயாரா இருக்கணும். நான் இருக்கேன். என் பேர் ஜம்புலிங்கம், முப்பத்தோரு வருஷம் ஸ்பின்னிங் மில்லுல எலெக்ட்ரிக்கல் மெயின்டெனன்ஸ். இந்தத் தெருவுல யாரை வேணா கேளுங்க. வேணாம், கேக்காதீங்க. எல்லாம் பொறாமை பிடிச்சதுங்க.

ஆவணி கடைசியிலயே ஆரம்பிச்சுடுவேன். இன்வெர்ட்டருக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தி, டெர்மினலைச் சுரண்டித் துடைச்சு, கிரீஸ் தடவி வைப்பேன். எமர்ஜென்ஸி லைட் நாலு, ரூமுக்கு ஒண்ணு. டார்ச் மூணு. மேல டேங்க் எப்பவும் ஃபுல். அது போக டிரம்ல ரெண்டு, குடத்துல ஆறு. போனைப் பகல்ல அணைச்சே வச்சிருப்பேன், சார்ஜ் வீணாகக் கூடாது. இப்பவும் அணைச்சுத்தான் இருக்கு. என்கிட்ட பேசணும்னா காலையில எட்டு மணிக்குள்ள பேசட்டும். ஊருக்கே தெரியும் அது.

அப்புறம் ஒத்திகை. சிரிக்காதீங்க. மில்லுல ஃபயர் டிரில் நடக்காதா? அதே மாதிரிதான். சாயங்காலம் ஏழு மணிக்கு, யாருக்கும் சொல்லாம இன்வெர்ட்டரை அணைச்சு, மெயின் சுவிட்சை இறக்கிட்டு, "கரெண்ட் போச்சு!"ன்னு ஒரு சத்தம் போடுவேன். மரகதம் டார்ச்சை எடுத்துக்கிட்டு ஹாலுக்கு வரணும். மரகதம்னா என் வீட்டுக்காரி. முதல் தடவை ஒண்ணே முக்கால் நிமிஷம் எடுத்துக்கிட்டா! கட்டில் கால்ல இடிச்சுக்கிட்டு வேற வந்தா. "என்னங்க, நகம் பேந்துடுச்சுங்க"ன்னா. "நிஜமாவே கரெண்ட் போனா இப்படித்தான் இடிச்சுக்குவியா?"ன்னு கேட்டேன். நாலாவது தடவை முப்பத்தஞ்சு செகண்ட்ல வந்துட்டா. பயிற்சி குடுத்தா யாரும் வருவாங்க.

இதுல கீழ இருந்தவளுக்கு என்ன கஷ்டம்? படியேறி வந்து நிக்கறா. "சார், வாஷிங் மெஷின் ஓடுது, எங்க லைனையும் சேத்து ஏன் அணைக்கிறீங்க?" பொற்கொடின்னு பேரு, கவர்மெண்ட் ஸ்கூல்ல பி.டி. டீச்சர். கழுத்துல விசில் தொங்கும். தனியா இருக்கிற பொம்பளைக்கு வீடு விட்டது என் புத்தி. நான் சொன்னேன், "ஏம்மா, பத்து நிமிஷம் இருட்டுல இருந்தா செத்தா போயிடுவே? தயாரா இருக்கப் பழகு." அதுக்கு அவ, "எனக்கு ஒரு மெழுகுவத்தி போதும் சார்"னு சொல்லிட்டுத் தடதடன்னு இறங்கிப் போறா. ஒரு மெழுகுவத்தியாம். அந்த ஒண்ணும் அவகிட்ட கிடையாது தெரியுமா? மறுவாரமே என் எமர்ஜென்ஸிப் பெட்டியில இருந்து போச்சு. மரகதம் எடுத்துக் குடுத்திருக்கா.

பெட்டின்னா அதோ, அங்க மூலையில இருக்கு பாருங்க, இரும்பு டிரங்குப் பெட்டி. மேல குங்குமப் பொட்டு இன்னும் அழியல பாருங்க. எல்லாம் அதுக்குள்ளதான். டார்ச், பேட்டரி, மெழுகுவத்தி, பாலிதீன் கவர்ல சுத்தின தீப்பெட்டி. ரேஷன் கார்டு, ஆதார், வீட்டுப் பத்திரம். மரகதத்தோட ஆஸ்பத்திரி ஃபைல். அவளோட பம்ப்.

பம்ப்னா மூச்சுக்கு வாயில அடிச்சுக்கறது. அவளுக்கு வீசிங் தம்பி. இருபது வருஷமா. அதை அவ தலைகாணிக்கு அடியில போட்டு வச்சிருப்பா. நான்தான் எடுத்துப் பெட்டியில வச்சேன். "என்னங்க, அது என் கைக்கிட்டயே இருக்கட்டுங்க"ன்னா. தலைகாணி இங்க கிடக்கும், அங்க கிடக்கும். பெட்டி இடம் மாறுமா? இருட்டுல கண்ணை மூடிக்கிட்டுப் போனாலும் பெட்டி பெட்டி இருக்கிற இடத்துலதான் இருக்கும். யோசிச்சுப் பாருங்க, நான் சொல்றது சரியா இல்லையா? மெழுகுவத்தி போனதுக்கு அப்புறம் பெட்டிக்குப் பூட்டு ஒண்ணு வாங்கிப் போட்டேன். சாவி என் இடுப்புல. இருபத்திநாலு மணி நேரமும் என் இடுப்புல. இதை விடப் பத்திரம் வேற என்ன இருக்கு?

உங்க போன் அடிக்குது. அணைச்சுடுங்க தம்பி. பேசிக்கிட்டு இருக்கும்போது எனக்குப் பிடிக்காது.

எதுக்கு இவ்வளவும் பண்றான் இந்தக் கிழவன்னு நினைக்கிறீங்க இல்ல? சொல்றேன். தானே புயல் அடிச்சுதே, அப்ப நீங்க ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. எங்க தெருவுல பதினேழு நாள் கரெண்ட் இல்ல. மூணாவது நாள் மரகதத்துக்கு மூச்சு ஏறிடுச்சு. மருந்தைப் புகையாக்கி மூச்சுல குடுக்கிற மெஷின் இருக்கு, மருந்து இருக்கு, கரெண்ட் இல்ல. நெபுலைசரை ஒரு கையில இடுக்கிக்கிட்டு, இன்னொரு கையில அவளைப் பிடிச்சுக்கிட்டு, விழுந்து கிடக்கிற மரத்தையெல்லாம் தாண்டித் தாண்டி, ஜெனரேட்டர் சத்தம் எங்க கேக்குதுன்னு தேடி அலைஞ்சேன். ஒரு கல்யாண மண்டபத்துல ஓடிக்கிட்டு இருந்துச்சு. வாட்ச்மேன் காலைத் தொட்டேன் தம்பி. நான். அவன் ஒரு பிளக் பாயிண்ட் காட்டினான். அவ மாஸ்க்கை வச்சுக்கிட்டு மூச்சை இழுக்க இழுக்க நான் அவ தோளைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன். அப்பவும் சரியாகல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா அங்க ஒரு ஊசி போட்டாங்க. அது அவளுக்கு ஒத்துக்காம முகம், தொண்டை எல்லாம் வீங்கிடுச்சு. பிழைச்சதே பெரிய விஷயம். அந்த ஊசி பேரை டாக்டர் ஃபைல்ல சிவப்பு மையில எழுதிக் குடுத்தார். "இதை எப்பவும் கையோட வச்சிருங்க, எந்த டாக்டரா இருந்தாலும் முதல்ல இதைக் காட்டுங்க"ன்னார். அன்னைக்கு முடிவு பண்ணேன், இனிமே எவன் காலையும் தொட மாட்டேன்னு. எல்லாம் அவளுக்காகத்தான். அவளுக்கு அது புரியல, அதுதான் என் கஷ்டம்.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கு வர்றேன். நீங்க ஆயுத பூஜை எப்படிக் கும்பிடுவீங்க? பைக்குக்கு ஒரு பொட்டு, ரெண்டு வாழைக்கன்னு, ஒரு எலுமிச்சம்பழம், அவ்வளவுதானே? மில்லுல நாங்க கும்பிட்டது வேற மாதிரி. மெஷின் மொத்தத்தையும் நிறுத்தி, துடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, மாலை போட்டு, மெயினை இறக்கிடுவோம். மறுநாள் காலையில மறுபடி தீபாராதனை காட்டுற வரைக்கும் ஸ்டார்ட்டர்ல ஒருத்தன் விரல் வைக்கக் கூடாது. ஒரு வருஷம் மானேஜரே வந்து, "ஜம்புலிங்கம், ஆபீஸ்ல ஏ.சி.யாவது போடுய்யா"ன்னார். முடியாதுன்னுட்டேன். வருஷம் பூரா நமக்கு உழைக்குது, ஒரு நாள் அது ஓய்வெடுக்க வேணாமா?

அதே முறைதான் வீட்டுலயும். இந்த ஹால்ல, அந்தச் சுவரோரமா மனைப்பலகை போட்டு எல்லாத்தையும் வரிசையா வச்சேன். ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், டெஸ்டர், சுத்தியல். மரகதத்தோட அரிவாள்மணை, மிக்ஸி. எமர்ஜென்ஸி லைட் நாலு. பெட்டி. நெபுலைசர் மெஷின். ஏன் அப்படிப் பாக்கறீங்க? மெஷின்னா மெஷின்தானே? சொல்லப்போனா உயிரைக் காப்பாத்துற மெஷினுக்குத்தான் முதல் பொட்டு வைக்கணும். நல்லா குழைச்ச சந்தனமா மேல, முன்னால, பக்கவாட்டுல எல்லாம் வச்சேன். இன்வெர்ட்டரைத் தூக்க முடியாது, அது இருக்கிற இடத்துலயே அணைச்சு மாலை போட்டேன்.

"என்னங்க, மழை வர்ற மாதிரி இருக்கு, இன்வெர்ட்டரை அணைக்காதீங்க. மெஷினையும் பம்பையும் மட்டும் வெளிய வச்சுடுங்களேன்"ன்னு மரகதம் சொன்னா. சொன்னா, நான் இல்லைங்கல. ஆனா பூஜைன்னா பூஜை. இதை மட்டும் வச்சு அதை எடுன்னா அது என்ன பூஜை?

சாயங்காலம் ஆறரைக்குப் பூஜை. மழை பிடிச்சுக்கிச்சு. சாரல் அடிச்சு விளக்கு அணையக் கூடாதுன்னு ஜன்னல் கதவெல்லாம் சாத்திட்டேன். சாம்பிராணி போட்டேன். ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியா, இன்வெர்ட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாவே காட்டினேன். ஹால் முழுக்கப் புகை. கோயில் மாதிரி இருந்துச்சு தம்பி, அவ்வளவு லட்சணமா இருந்துச்சு. மரகதம் இருமினா. இருமல் அவளுக்கு எப்பவும் இருக்கறதுதான்.

ஏழு மணிக்குக் கரெண்ட் போச்சு.

பாருங்க, நான் சொன்னேனா இல்லையா? பண்டிகை நாள்ல போகும்னு ஆவணியில இருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன். தெருவே இருட்டு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம்தான், மறைப்பானேன்? குத்துவிளக்கு எரியுது, வெளிச்சத்துக்குக் குறைவில்ல. ஃபேன் மட்டும் நின்னுடுச்சு. மரகதம் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டுத் தரையில உக்காந்துட்டா. "என்னங்க, பம்ப்"னா. நான் சொன்னேன், "கொஞ்சம் பொறு மரகதம். பூஜையில வச்சதை எடுக்கக் கூடாது. காலையில தீபாராதனை காட்டி எடுத்துத் தர்றேன். கரெண்ட் இப்ப வந்துடும்." அவ திரும்பவும் "பம்ப்"னா. அப்புறம் பேசல. சரி, அடங்கிடுச்சுன்னு நினைச்சேன்.

அந்த நேரம் பாத்துத்தான் பொற்கொடி வர்றா. சுண்டல் வாங்கிட்டுப் போன தூக்கைத் திருப்பிக் குடுக்க, போன்ல டார்ச் அடிச்சுக்கிட்டு. வந்தவ மரகதத்து மேல வெளிச்சம் அடிச்சா. "ஐயோ அக்கா!"ன்னு கத்தினா. "உதடெல்லாம் நீலமா இருக்கே! சார், பம்ப் எங்க?" பெட்டியில இருக்குன்னு சொன்னேன். "சாவி குடுங்க." நான் யோசிச்சேன். எடுத்த எடுப்புல செய்யற ஆள் இல்ல நான். முப்பத்தோரு வருஷப் பழக்கம், ஒரு சாங்கியம், அதை ஒரு நிமிஷத்துல உடைக்கலாமா? "சார், சாவி!"ன்னு விசில் ஊதுற மாதிரி கத்தறா. நான் யோசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். குடுக்க மாட்டேன்னு சொன்னேனா? ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா?

என்ன பண்ணா தெரியுமா? நேரா போனா. இலையில வச்ச பொரி கடலையெல்லாம் காலால தள்ளிட்டு, பூஜையில வச்ச சுத்தியலை எடுத்தா. குங்குமம் ஈரம் காயாத சுத்தியல் தம்பி! அதாலயே பூட்டை நாலு அடி. புதுப் பூட்டு. பூட்டு தெறிச்சுப் போய் நெபுலைசர் பக்கத்துல விழுந்துச்சு. பம்பை எடுத்து மரகதம் வாயில வச்சு அடிச்சா. அது பத்தல. இன்வெர்ட்டர் மாலையைப் பிய்ச்சு எறிஞ்சுட்டு ஆன் பண்ணா. நெபுலைசரைச் சொருகினா. மெஷின் உர்ருங்குது, புகை வரல. காத்து இழுக்கிற ஓட்டையில சந்தனம் போய் அடைச்சுக்கிச்சாம். "சார், இதுல போய் யாராவது சந்தனம் வைப்பாங்களா?"ன்னு என்னைப் பாத்துக் கேக்கறா. என் வீட்டுல, என் ஹால்ல நின்னுக்கிட்டு.

அப்புறம் துப்பட்டாவால மரகதத்தைத் தன் இடுப்போட சேத்துக் கட்டி, ஸ்கூட்டர்ல உக்கார வச்சு, அந்தக் கொட்டுற மழையில ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாளா? என் பொண்டாட்டி!

நான் போகல. எப்படிப் போறது? விளக்கு எரியுது, வீடு திறந்து கிடக்கு, பெட்டிக்குப் பூட்டு இல்ல. வாட்சைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். சரியா ஏழு இருபத்திரண்டுக்குக் கரெண்ட் வந்துடுச்சு. இருபத்திரண்டு நிமிஷம்! நான் என்ன சொன்னேன்? இப்ப வந்துடும்னு சொன்னேனா இல்லையா? இருபத்திரண்டு நிமிஷம் பொறுக்க முடியல அந்தப் பொம்பளைக்கு.

இதை ஆஸ்பத்திரியில டாக்டர்கிட்டயே சொன்னேன். மறுநாள் காலையில, பூஜையை முடிச்சுட்டுத்தான் போனேன். அவர் என்னையே பாத்தார். "அவ்வளவு நேரம் விட்டிருந்தா நீங்க இங்க வந்திருக்க வேண்டியதே இல்ல"ன்னார். நானும் அதைத்தான் சொல்றேன்னு சொன்னேன். டாக்டருங்க முதல்ல அப்படித்தான் பேசுவாங்க, ஆனா நியாயம் புரிஞ்சவர்.

மரகதம் மூணு நாள் பெட்ல இருந்தா, சுவரைப் பாத்துக்கிட்டே இருந்தா. மக வந்து அங்கிருந்தே கூட்டிட்டுப் போயிட்டா. கார்ல ஏறும்போது, "வீட்டுக்கு வந்து துணி எடுத்துக்கிட்டுப் போ"ன்னேன். "வேணாங்க"ன்னா. அவ்வளவுதான். பூஜை முடிஞ்சு பன்னிரண்டு நாள் ஆச்சு.

நான் வீட்டுக்கு வந்து முதல் வேலையா பொற்கொடியைக் காலி பண்ணச் சொன்னேன். பூட்டை உடைச்சவளை எவன் வீட்டுல வச்சிருப்பான்? நாலே நாள்ல போயிட்டா. போகும்போது சாவியைப் படியில வச்சுட்டு, "அக்காவுக்கு மட்டும்தான் சார் நான் இத்தனை நாள் இங்க இருந்தேன்"னு சொல்லிட்டுப் போறா. இருக்கட்டுமே.

ஆ! பாத்தீங்களா? போச்சு! பாருங்க பாருங்க, எதிர் வீடு இருட்டு, தெரு விளக்கு இருட்டு. இங்க ஃபேன் நின்னுச்சா? ஒரு சிமிட்டல் உண்டா? சும்மாவா! இந்தப் பன்னிரண்டு நாள்ல எல்லாத்தையும் மாத்திட்டேன். ரெண்டாவது பேட்டரி போட்டிருக்கேன். மரகதம் கட்டில் பக்கத்துல தனி பிளக் பாயிண்ட். அங்க டப்பா தெரியுதா, பிரிக்காம இருக்கே, அது புது நெபுலைசர். அவ வந்து அவ கையால பிரிக்கட்டும்னு வச்சிருக்கேன். பெட்டிக்குப் புதுப் பூட்டும் வாங்கிட்டேன், இது ஏழு லீவர். சுத்தியலால அடிச்சாலும் லேசுல உடையாது.

எல்லா லைட்டும் எரியுது பாருங்க. ஆள்தான் இல்ல. உங்ககிட்ட ஏன் சொல்றேன்னு தெரியல தம்பி, அவ இருமல் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கம் வரல. சோறு இறங்கல. நேத்து ஏழு மணிக்கு மெயினை இறக்கிட்டு, "கரெண்ட் போச்சு!"ன்னு சத்தம் போட்டேன். பழக்கதோஷம். கொஞ்ச நேரம் நின்னுட்டு நானே போய் ஏத்தினேன்.

அட, உங்க போன் எத்தனை தடவை அடிக்கும்? சரி எடுங்க, எடுத்துத் தொலைங்க. எனக்கென்ன.

என்ன தம்பி, எந்திரிச்சுட்டீங்க? மூஞ்சி ஏன் இப்படி ஆயிடுச்சு?

வீடு பாக்க வரலையா? அப்புறம் எதுக்கு அரை மணி நேரமா உக்காந்திருக்கீங்க? வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? சொல்ல வந்தீங்களா? நான் விடலையா? நல்லா இருக்கு கதை! யார் நீங்க?

பொற்கொடி தம்பியா? பொற்கொடி கூடப் பிறந்த தம்பியா? என் வீட்டுப் படியை மிதிக்க உங்களுக்கு... என்ன? யாருக்கு? மரகதத்துக்கா?

மெதுவா சொல்லுங்க. நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டறதுக்கு ஃபைல் வேணும்னு மத்தியானம் என் மகதான் உங்க அக்காவுக்குப் போன் பண்ணாளா? என்கிட்ட ஏன் கேக்கல? என் போன் அணைச்சிருந்துச்சா. சரி, அணைச்சிருந்துச்சு. இப்ப போன்ல என்ன சொன்னாங்க? இப்பவே சேத்துட்டாங்களா? நெய்வேலி ஆஸ்பத்திரியிலயா? மூச்சு எப்ப ஏறுச்சு? எவ்வளவு நேரமா?

ஊசி... ஆமா. எந்த ஊசி ஒத்துக்காதுன்னு அந்த ஃபைல்லதான் இருக்கு. சிவப்பு மையில. எனக்கு ஞாபகம் இல்ல, இங்கிலீஷ்ல நீளமா ஒரு பேரு. மரகதத்தால பேச முடியலையா? மகளுக்கும் தெரியாது, அவ அப்ப சின்னப் பொண்ணு. அந்தப் பக்கத்தை மட்டும் போன்ல போட்டோ எடுத்து அனுப்பினா போதுமா? டாக்டர் காத்துக்கிட்டு இருக்காரா? இருக்கு தம்பி, பெட்டியிலதான் இருக்கு. கவர் போட்டு, ஒரு சொட்டுத் தண்ணி படாம வச்சிருக்கேன். பாத்தீங்களா, நான் பத்திரமா வச்சதாலதானே இன்னைக்கு உதவுது?

சாவி இதோ, இடுப்புலதான் இருக்கு. இதோ.

மணி என்ன? அஞ்சே முக்கால். அஞ்சே முக்கால்தான் ஆகுது. ஆறுக்குத்தானே முடியுது? தம்பி, நான் தர மாட்டேன்னு சொல்லல. ஆஸ்பத்திரிக்குப் போற ஃபைலை ராகு காலத்துல வெளிய எடுத்தா யாருக்கு ஆகாது? அவளுக்குத்தான் ஆகாது. அவளுக்காகத்தான் சொல்றேன். பதினஞ்சே நிமிஷம். அன்னைக்கு இருபத்திரண்டு நிமிஷத்துல வந்துச்சு, சொன்னேன்ல? சத்தம் போடாதீங்க, கொஞ்சம் யோசிக்க விடுங்க.

ஏன் குனியறீங்க? அந்தப் பையை ஏன் திறக்கறீங்க? என்ன அது, எடுங்க பாப்போம். சுத்தியலா? வரும்போதே எடுத்துக்கிட்டு வந்தீங்களா? உங்க அக்கா குடுத்து அனுப்பினாளா?

இல்லையா? பின்ன யார்? மத்தியானம் அந்தப் போன்லயே, கேட்டா குடுப்பார், ஆனா யோசிப்பார்னு சொன்னாங்களா? யார் தம்பி சொன்னது?

மரகதமா? சுத்தியல் எடுத்துக்கிட்டுப் போன்னு, மரகதமா சொன்னா?